ஒரே குப்பி, ஒரே காலை, இரண்டு பாலினம்: சுண்டெலிக் கல்லீரல் நச்சு ஆய்வுக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கம் பார்மசியோ உயிர்வேதியியலோ படிக்கும் பிள்ளைகளிடம் ஆய்வுத் தலைப்பு என்ன என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கல்லீரல் வந்துவிடும். ஒரு பக்கம் கல்லீரலைக் காக்கும் என்று நம்பும் கீழாநெல்லி அல்லது கரிசலாங்கண்ணிச் சாறு, மறுபக்கம் அதைக் கெடுக்கும் பாராசிட்டமால் அல்லது கார்பன் டெட்ராகுளோரைடு. காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பழகிய ஊர் இது. அந்த ஆர்வம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆய்வகத்துக்கு வருகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியைப் புரட்டினால் பல நேரம் இந்த வரிதான் கண்ணில் படும்: "ஆண் சுண்டெலிகள் பயன்படுத்தப்பட்டன." ஏன் என்று கேட்டால், பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி உண்டு, அளவுகள் ஏறி இறங்கும், கணக்கு கெட்டுவிடும் என்பார்கள். வேறு சிலர் "இரு பால் எலிகளும்" என்று எழுதிவிட்டு, எது ஆண் எது பெண் என்று பிரிக்காமல் ஒரே சராசரியில் போட்டுவிடுவார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிக வருத்தம். உயிரையும் எடுத்தாயிற்று, அதிலிருந்து கிடைத்திருக்க வேண்டிய விடையையும் தொலைத்தாயிற்று.

சுழற்சி பற்றிய பயத்துக்கு 2014-லேயே பதில் வந்துவிட்டது. 293 ஆய்வுக் கட்டுரைகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுழற்சி நாளைக் கணக்கில் எடுக்காமலே பயன்படுத்திய பெண் சுண்டெலிகளின் அளவுகள், ஆண் சுண்டெலிகளுடையதை விட அதிகமாகச் சிதறவில்லை. ஒரு கூண்டில் நான்கு ஆண்களைப் போட்டால் அவற்றுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை நடக்கும், டெஸ்டோஸ்டீரோன் அளவு எலிக்கு எலி மாறும். ஏற்ற இறக்கம் பெண்ணுக்கு மட்டும் சொந்தமில்லை.

இந்த வழிகாட்டி, ரசாயனத்தால் வரும் கல்லீரல் சேதத்தை ஆண், பெண் சுண்டெலிகளில் ஒன்றாகச் செய்து ஒப்பிட நினைக்கும் மாணவர்களுக்கு. புதுச்சேரியில் ஒரு விலங்கு ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை செய்தபோது கற்றதும், தவறு செய்து திருத்திக்கொண்டதும் இதில் இருக்கிறது.

முதலில், ஏற்கெனவே தெரிந்தது என்ன?

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். உடலுக்குள் போகும் மருந்தின் பெரும்பகுதி கேடில்லாமல் வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதியை மட்டும் சிஒய்பி2இ1 போன்ற நொதிகள் 'நாப்கி' என்ற, எதையும் தாக்கும் பொருளாக மாற்றுகின்றன. கல்லீரலில் இருக்கும் குளுட்டதயோன் அதைப் பிடித்துக் கட்டிவிடும். மருந்தின் அளவு கூடினால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும். அப்புறம் நாப்கி புரதங்களில், குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில், ஒட்டிக்கொள்ளும். ஜேஎன்கே என்ற சமிக்ஞை நொதி தூண்டப்படும், மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கும், செல் சாகும். 1973-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மிட்செல், ஜோலோ குழுவினர் இந்தக் குளுட்டதயோன் கதையை விளக்கியது சுண்டெலிகளை வைத்துத்தான்.

இதில் பெண் சுண்டெலி ஆணை விடக் குறைவாகப் பாதிக்கப்படுகிறது. காரணம் எங்கே இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். மருந்து கொடுத்த முதல் அரை மணி நேரத்தில் இரு பாலிலும் குளுட்டதயோன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சரிகிறது. அதாவது நாப்கி உண்டாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு மைட்டோகாண்ட்ரியாவில் குளுட்டதயோன் திரும்ப ஏறும் வேகம் பெண்ணில் அதிகம். ஜேஎன்கே தூண்டுதலும் அங்கே மட்டுப்படுகிறது. இதே இடத்தில் இன்னொரு செய்தி. ஜிஎஸ்டி-பை என்ற நொதி ஆண் சுண்டெலிக் கல்லீரலில் பெண்ணை விட மிக அதிகம். நச்சை முறிக்கும் நொதிக் குடும்பம் என்பதால் அது காப்பாற்றும் என்றுதான் நினைத்தார்கள். 2000-இல் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, சுண்டெலிகள் பாராசிட்டமாலை இன்னும் நன்றாகத் தாங்கின. எதிர்பார்ப்புக்கு நேர்மாறு.

கார்பன் டெட்ராகுளோரைடிலும் சிஒய்பி2இ1 நொதிதான் வேலையைத் தொடங்குகிறது. டிரைகுளோரோமெத்தில் என்ற, எதோடும் வினைபுரியும் ஃப்ரீ ராடிக்கல் உண்டாகி, செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும். இதிலும் பொதுவாக ஆண் சுண்டெலிக்கே அடி அதிகம். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் டைஎத்தில்நைட்ரோசமைனில் வித்தியாசம் இன்னும் கூர்மை. இரண்டு வாரக் குட்டியில் ஒரே ஊசி போட்டால், ஆண்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கட்டி வரும். கூடப் பிறந்த பெண்களில் 10 முதல் 30 சதவீதத்துக்குத்தான். கல்லீரலிலுள்ள குப்ஃபர் என்ற நோயெதிர்ப்பு செல்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையை ஈஸ்ட்ரோஜன் அடக்குவது இதற்கு ஒரு காரணம் என்று 2007-இல் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "ஆணின் கல்லீரல் பலவீனம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மயக்க மருந்தான ஹாலோத்தேனால் வரும் கல்லீரல் சேதத்தில் பால்ப்-சி வகைப் பெண் சுண்டெலிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. சாராயத்தால் வரும் சேதத்திலும் பெண்ணுக்கே ஆபத்து கூடுதல். எந்த ரசாயனம், எந்த எலி வகை, எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால்தான் உங்கள் ரசாயனத்துக்கு நீங்களே செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

படி 1: கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்தச் சாறு கல்லீரலைக் காக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "இந்தச் சாறு ஆணையும் பெண்ணையும் ஒரே அளவு காக்கிறதா?" என்பது வேறு கேள்வி. எலிகளின் எண்ணிக்கை இதைப் பொறுத்தது. முதல் கேள்விக்கு, இருக்கும் எலிகளையே பாதி ஆண், பாதி பெண் என்று பிரித்துக்கொண்டால் போதும், எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டாம். இரண்டாவது கேள்வியில் நீங்கள் தேடுவது வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசம். அது மருந்தின் விளைவு அளவுக்கே பெரிதாக இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க சுமார் நான்கு மடங்கு எலிகள் வேண்டும். இதை முதலிலேயே வழிகாட்டிப் பேராசிரியரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

படி 2: அனுமதி

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ஆம் ஆண்டு விதிகளும்தான் அடிப்படை. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் பி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விலங்கு ஆய்வுகளை மேற்பார்வை செய்யும், முன்பு சிபிசிஎஸ்இஏ என்று சொன்ன மத்தியக் குழு இப்போது சிசிஎஸ்இஏ. பால் வாரியாக எண்ணிக்கையை எழுதி, ஏன் அத்தனை என்று கணக்கோடு சொல்லுங்கள். எலி எந்த நிலைக்கு வந்தால் உடனே வேதனையில்லாமல் விடைகொடுப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள்: அசையாமல் சுருண்டு கிடப்பது, தொட்டால் குளிர்ந்திருப்பது, தூண்டினாலும் நகராமல் இருப்பது. பாராசிட்டமால் ஆய்வில் முதல் ராத்திரி யாராவது ஒருவர் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும்.

படி 3: எலிகளை வாங்குவதும் வைப்பதும்

ஆணும் பெண்ணும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வகையில், ஒரே வயதில், ஒரே நாளில் வரட்டும். முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகள். சி57பிளாக்6 வகை என்றால் ஜே உட்பிரிவா என் உட்பிரிவா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜே பிரிவில் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த என்என்டி மரபணு பழுதுபட்டிருக்கிறது. இரண்டையும் கலந்தால் ஆண்-பெண் வித்தியாசத்துக்கு மேல் வகை வித்தியாசம் உட்கார்ந்துகொள்ளும். ஸ்விஸ் அல்பினோவில் செய்தாலும் தவறில்லை. சி57-இல் வந்த எண்களோடு அதை நேரடியாக ஒப்பிடாமல் இருந்தால் சரி.

வந்ததும் ஒவ்வொன்றையும் நீங்களே பால் பார்த்துவிடுங்கள். வாலின் அடியைப் பிடித்துத் தூக்கினால், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளி ஆணில் பெண்ணை விட ஏறக்குறைய இரு மடங்கு. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பக்கூடாது. ஒரு கூண்டில் தவறாக ஓர் ஆண் இருந்துவிட்டால், ஆய்வு நாளில் உங்கள் முன்னால் இருப்பவை சினை எலிகள்.

கூண்டில் என்ன விரிக்கிறார்கள் என்று பாருங்கள். நம் பக்கம் நெல் உமி விரிப்பது உண்டு, மரத்தூளும் உண்டு. மரத்தூள் என்றால் எந்த மரம் என்று கேளுங்கள். பைன், செவ்வகில் மாதிரி பிசின் மணமுள்ள மரத்தூள் கல்லீரலின் மருந்து முறிக்கும் நொதிகளைத் தூண்டிவிடும் என்பது 1960-களிலிருந்தே தெரிந்த விஷயம். எதை விரித்தாலும் இரு பாலுக்கும் அதையே விரியுங்கள்.

எங்கள் விலங்குக் கூடத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னார்: "மேடம், புதுசா ஜோடி சேர்த்தா மூணாவது ராத்திரிதான் நிறைய சேரும், பாருங்க." வருடக்கணக்காகக் கூண்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. புத்தகத்தில் இதற்கு விட்டன் விளைவு என்று பெயர். ஆணின் சிறுநீர் வாசனை பட்டால் பெண்களின் சுழற்சி ஒன்றுபோல் ஆகி, மூன்றாம் நாள் வாக்கில் பலவும் சேர்ந்து காமவேட்கைக்கு வரும். பெண்களை மட்டும் நெருக்கமாகக் கூட்டி வைத்தால் சுழற்சி மந்தமாகும். அது லீ-பூட் விளைவு. ஆகவே பெண் கூண்டு எங்கே இருந்தது, பக்கத்தில் ஆண் கூண்டு இருந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரு பாலின் கூண்டுகளையும் அலமாரியில் மேலும் கீழும் கலந்து வையுங்கள். ஆண்களெல்லாம் ஏசிக்குப் பக்கத்தில், பெண்களெல்லாம் கதவுக்குப் பக்கத்தில் என்று வைத்தால் நீங்கள் அளப்பது ஏசியைத்தான்.

கார்பன் டெட்ராகுளோரைடை வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் கொடுத்து நார்த்தழும்பு பார்ப்பதாக இருந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் அதைத் தொடங்க வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மின்சாரம் போய், அறை வெப்பம் மாறி, ஆளும் வர முடியாமல், இரண்டு ஊசி தவறினால் அந்த ஆறு வாரமும் வீண். ஜனவரியில் பொங்கல் முடிந்து தொடங்குவது நல்லது.

படி 4: சுழற்சியைப் பார்க்க வேண்டுமா?

தினமும் ஸ்மியர் (பெண்ணுறுப்பிலிருந்து எடுக்கும் செல் மாதிரி) எடுக்க வேண்டியதில்லை. தினம் பிடித்துத் துழாவினால் பெண் எலிகளுக்கு மட்டும் கூடுதல் பதற்றம், அதுவே ஒரு வித்தியாசம் ஆகிவிடும். கடைசி நாள், ரத்தம் எடுத்து முடித்தபின், ஒவ்வொரு பெண்ணிலும் ஒரே ஒரு ஸ்மியர் எடுத்துப் பதிந்து வைத்தால் போதும். துளி சலைனைப் பிப்பெட்டால் உள்ளே விட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, குறைந்த பெருக்கத்தில் பாருங்கள். அவல் போலத் தட்டையாக, உட்கரு இல்லாத செதில்கள் நிறைந்திருந்தால் ஈஸ்ட்ரஸ். ரவை தூவியது போலச் சின்ன வெள்ளணுக்கள் மட்டும் என்றால் டைஈஸ்ட்ரஸ். உருண்டையாக, நடுவில் உட்கருவோடு கொத்துக் கொத்தாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ். மூன்றும் கலந்திருந்தால் மெட்டஈஸ்ட்ரஸ். இந்த நான்கு நிலைகளும் சேர்ந்த முழுச் சுழற்சி 4 முதல் 5 நாள்.

படி 5: மருந்துக் கரைசல், நான் தவறிய இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாராசிட்டமால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. வழக்கமாக சலைனைச் சூடாக்கி மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம் கரைப்போம். அது அறை வெப்பத்தில் அதன் கரைதிறனின் விளிம்பு.

என் முதல் ஆய்வில் காலையில் ஒரு குப்பி தயாரித்தேன். முதலில் ஆண்கள் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டு, பிறகு பெண்களுக்குப் போனேன். விலங்கு அறை 22 டிகிரி. மறுநாள் பெண்களின் ஏஎல்டி (கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) அளவு ஆண்களை விட மிகக் குறைவு. புத்தகத்தில் சொன்னபடியே வந்திருக்கிறது என்று ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். இரண்டாவது முறை செய்தபோது, பாதியில் ஊசியின் அடைப்பில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக் குப்பியின் அடியில் மெல்லிய ஊசி ஊசியாகப் படிகம். மேலே இருந்த திரவத்தில் மருந்து குறைந்துவிட்டது. முதல் ஆய்விலும் கடைசியில் ஊசி போட்டவை பெண்கள்தான். அவற்றுக்கு எவ்வளவு மருந்து போனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அந்த எண்களை முழுவதும் விலக்கிவிட்டேன். 32 எலிகள். இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

அதனால், குப்பியை 40 டிகிரி வாக்கில் வெந்நீர்த் தொட்டியில் வைத்திருங்கள், ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்னும் வெளிச்சத்தில் பாருங்கள், எலிக்குப் போகும்போது உடல் சூட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கரையவில்லை என்று டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்க்காதீர்கள். அது சிஒய்பி நொதியையே தடுத்து எலியைக் காப்பாற்றிவிடும். உங்கள் கீழாநெல்லிச் சாறு டிஎம்எஸ்ஓ-வில் கரைத்தது என்றால், காப்பாற்றியது கீழாநெல்லியா டிஎம்எஸ்ஓ-வா என்று தெரியாது. வெறும் டிஎம்எஸ்ஓ கொடுத்த ஒரு குழு கட்டாயம் வேண்டும்.

கார்பன் டெட்ராகுளோரைடை எண்ணெயில் கலப்போம். ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும் கலக்குங்கள், அது உங்கள் கல்லீரலுக்கும் கெடுதல். குளோரோஃபார்ம் பாட்டிலை விலங்கு அறையில் திறக்கவே திறக்காதீர்கள். அதன் ஆவி ஆண் சுண்டெலியின் சிறுநீரகத்தை அழிக்கும், பெண்ணுடையதை அவ்வளவாகத் தொடாது. ஆண் ஹார்மோனால் ஆணின் சிறுநீரகத்தில் சிஒய்பி2இ1 அதிகம் இருப்பதே காரணம்.

படி 6: பட்டினி, எடை, வரிசை

ராத்திரி முழுவதும் தீவனத்தை எடுத்துவிட்டால் குளுட்டதயோன் குறைந்து, சேதம் சீராக வரும். ஆனால் இரு பாலுக்கும் அதே மணிக்கு எடுத்து, அதே மணிக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். குளுட்டதயோன் நாளின் நேரத்துக்கேற்பவும் ஏறி இறங்கும். காலை 9 மணிக்கு ஆண், மதியம் 3 மணிக்குப் பெண் என்றால் அது வேறு ஆய்வு.

பட்டினிக்குப் பிறகு எடை போடுங்கள், அந்த எடைக்கே மருந்து. கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால், 24 கிராம் ஆணுக்கு 7.2 மில்லிகிராம், அதாவது 0.48 மில்லிலிட்டர். 19 கிராம் பெண்ணுக்கு 5.7 மில்லிகிராம், 0.38 மில்லிலிட்டர். எல்லாருக்கும் அரை மில்லி என்று போட்டால் சின்ன எலிக்கு அதிக மருந்து போய்விடும்.

வரிசை: ஆண், பெண், ஆண், பெண். ஒரே கூண்டுக்குள்ளேயே சிலவற்றுக்கு மருந்து, சிலவற்றுக்கு வெறும் சலைன், அதுவும் சீட்டுக் குலுக்கி. ஒரே நாளில் எல்லாம் முடியாது என்றால், ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுக்களிலிருந்தும் சில எலிகள் இருக்க வேண்டும். ஊசி போடுபவர் மாறினால் அதையும் எழுதுங்கள். ஆண் ஆய்வாளரின் உடல் வாசனைக்கே சுண்டெலிகள் பதற்றமடைகின்றன என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆண் எலிகளை ஒரு தம்பியும் பெண் எலிகளை ஒரு தங்கையும் பிரித்துக்கொள்வது வேண்டாம்.

படி 7: எப்போது அறுப்பது?

24 மணி நேரத்தில் மட்டும் பார்ப்பதுதான் வழக்கம். ஆண்-பெண் ஒப்பீட்டுக்கு அது போதாது. சேதம் குறைவா, அல்லது தாமதமா, அல்லது சீக்கிரம் ஆறிவிட்டதா என்பதை ஒரே ஒரு நேரம் சொல்லாது. 6, 24, 48 மணி என்று மூன்று புள்ளிகள் வையுங்கள். பணமும் எலியும் குறைவு என்றால் 6-உம் 24-உம். குளுட்டதயோனுக்கு மட்டும் 30 நிமிடத்தில் ஒரு சின்னக் குழு. இது கட்டாயம். முக்கியமாக இலைச்சாறு ஆய்வுகளுக்கு. சாறு முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, 30 நிமிடத்தில் குளுட்டதயோன் குறையவே இல்லை என்றால், சாறு கல்லீரலைக் காக்கவில்லை. நாப்கி உண்டாவதையே தடுத்திருக்கிறது. மாத்திரை விழுங்கிப் பல மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு அந்தச் சாறு உதவாது.

வயிற்றைத் திறந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். நலமான கல்லீரல் வழவழப்பாக, சீரான செம்பழுப்பு. 24 மணி நேரத்தில் பாதிக்கப்பட்ட ஆணின் கல்லீரல் வெளிறி, ஜாதிக்காயை வெட்டிய பக்கம் போலப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருக்கும். அதே கூண்டு வரிசையிலிருந்து வந்த பெண்ணுடையதைப் பக்கத்தில் வைத்தால், பல நேரம் எந்தக் கருவியும் இல்லாமலே தெரியும். பார்த்ததை எழுதுங்கள், ஆனால் மதிப்பெண் போடாதீர்கள். அது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை, கீழே சொல்கிறேன்.

எப்போதும் ஒரே மடலைத் திசுத்தகட்டுக்கு எடுங்கள், இடப்பக்கப் பெரிய மடல் வசதி. 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் ஒரு நாள், பிறகு 5 மைக்ரான் சீவல். இன்னொரு துண்டு உடனே திரவ நைட்ரஜனுக்கு. குளுட்டதயோன் காத்திருக்காது. சிறுநீரகங்களையும் எடுத்து வையுங்கள், பாராசிட்டமால் ஆண் சுண்டெலியின் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

படி 8: அளவீடு

எஸ்ஜிபிடி என்று நம் ஊர் லேபில் சொல்வதுதான் ஏஎல்டி. பாராசிட்டமால் கொடுத்த எலியில் அது ஆயிரங்களில் போகும். கருவியின் எல்லையைத் தாண்டினால் எண் பொய் சொல்லும், எனவே சீரத்தை நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். ரத்தம் சிதைந்து சீரம் சிவந்திருந்தால், கூடவே அளக்கும் ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதியின் அளவை நம்பாதீர்கள், சிவப்பணுக்குள்ளேயே அது இருக்கிறது.

திசுத்தகடுகளுக்கு வேறொருவர் எண் மாற்றித் தர வேண்டும். மையச் சிரையைச் (சென்ட்ரல் வெயின்) சுற்றிச் செத்த பரப்பு எத்தனை சதவீதம் என்று, எது ஆண் எது பெண் என்று தெரியாமல் அளக்க வேண்டும். இந்தச் சேதம் மையச் சிரையைச் சுற்றியே வருவதற்குக் காரணம், சிஒய்பி2இ1 அங்கே குவிந்திருப்பது.

படி 9: கணக்கு

மிக அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். உதாரணத்துக்கு, ஆண்களில் சாறு கொடுத்த குழுவுக்கும் கொடுக்காத குழுவுக்கும் பி மதிப்பு 0.03, பெண்களில் 0.08 என்று வைத்துக்கொள்ளுங்கள் (0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் உண்டு என்று எடுப்பது வழக்கம்). உடனே "சாறு ஆண்களில் மட்டும் வேலை செய்கிறது" என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. 0.03-உம் 0.08-உம் இரண்டு தனித்தனிக் கேள்விகளின் விடை. இரண்டு பாலிலும் சாறு ஒரே அளவு வேலை செய்திருந்தாலும்கூட, பெண்களில் ஒரு எலி குறைந்ததாலோ ஒரு எலியின் அளவு எகிறியதாலோ இப்படி வரலாம்.

கேட்க வேண்டியது ஒரே சோதனையில்: இருவழி அனோவா, பால் ஒரு காரணி, மருந்து ஒரு காரணி, இரண்டின் ஊடுவினை (மருந்தின் விளைவு பாலைப் பொறுத்து மாறுகிறதா என்பது) மூன்றாவது. ஊடுவினைக்கு வரும் மதிப்புதான் ஆண்-பெண் வேறுபாட்டின் விடை. ஏஎல்டி அளவுகள் சில எலிகளில் நூற்றிலும் சிலவற்றில் பத்தாயிரத்திலும் இருக்கும் என்பதால், மடக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். வரைபடத்தில் பட்டைக்குப் பதில் ஒவ்வொரு எலிக்கும் ஒரு புள்ளி வையுங்கள்.

படி 10: வித்தியாசம் வந்தால், ஏன்?

ஆய்வேட்டுக்கு இவ்வளவு வேண்டாம், முனைவர் பட்டத்துக்கு வேண்டும். விரையையோ சூலகத்தையோ நீக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டு, ஹார்மோனைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது ஒரு வழி. 'நான்கு மூல மரபணு வகை' என்ற சுண்டெலிகளில், விரையை உண்டாக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு ஒய் குரோமோசோமிலிருந்து வேறு குரோமோசோமுக்கு மாற்றப்பட்டிருக்கும். எக்ஸ்எக்ஸ் குரோமோசோமோடு விரை உள்ள எலியும் கிடைக்கும். ஹார்மோன் செய்வது எது, குரோமோசோம் செய்வது எது என்று பிரிக்கலாம். வளர்ச்சி ஹார்மோனை மறக்காதீர்கள். ஆணில் அது விட்டுவிட்டுத் துடிப்பாக வரும், பெண்ணில் ஏறக்குறையத் தொடர்ந்து வரும். ஸ்டாட்5பி என்ற சமிக்ஞைப் புரதம் வழியாக அந்தத் தாளமே கல்லீரலின் பல நொதிகளை ஆண் மாதிரி, பெண் மாதிரி என்று அமைக்கிறது. டெஸ்டோஸ்டீரோனையும் ஈஸ்ட்ரோஜனையும் மட்டும் தேடினால் இது கைநழுவிவிடும்.

படி 11: எழுதும்போது

தலைப்பிலும் சுருக்கத்திலும் பாலைச் சொல்லுங்கள். வித்தியாசம் வரவில்லை என்றாலும் பால் வாரியாக அட்டவணை கொடுங்கள், அடுத்து வருபவர் அதைச் சேர்த்துக் கணக்குப் போடுவார். எத்தனை எலி தொடங்கின, எத்தனை இடையில் இறந்தன, எந்தப் பாலில் என்பதை எழுதுங்கள். 24 மணிக்கு முன் இறந்த ஆண்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், பிழைத்த வலுவான ஆண்கள் மட்டும் மிஞ்சி, வித்தியாசம் காணாமல் போகும்.

மனிதரைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும். சுண்டெலியில் பெண் பாராசிட்டமாலைத் தாங்குகிறது. ஆனால் அமெரிக்காவில் பாராசிட்டமாலால் கல்லீரல் செயலிழந்து வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதில் யார் எவ்வளவு மாத்திரை விழுங்குகிறார்கள் என்பதும் சேர்ந்திருக்கிறது. எலியின் கல்லீரல் அதைச் சொல்லாது. இன்னொரு பக்கம், தூக்க மருந்தான சோல்பிடெம் இருபது வருடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கொடுக்கப்பட்டு, 2013-இல்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவை 10-இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. மறுநாள் காலையிலும் அவர்கள் ரத்தத்தில் மருந்து தங்கியிருந்தது.

மீந்த சீரம், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை எலி எண், பால், ஸ்மியர் நிலை, மணி எழுதி மைனஸ் 80-இல் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் எழுத்து ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும்.